பெண்டிகோவில் வெயில் எந்தப் பக்கம்

பிப்ரவரி 12, புதன்

பெண்டிகோ நகரின் தங்கச் சுரங்கத்தைப் பற்றிய குறிப்பை இன்று நிறைவு செய்தேன். பார்வையாளர் தலைக்கவசம் அணிந்து, கூண்டில் ஏறி, நிலத்தடியில் அறுபது மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். பொன் விளைந்த பாறையைத் தீண்டி மகிழலாம். 'தீண்டி' என்ற சொல்லைக் கௌசிக் அடித்துவிட்டான். "ஆன்ட்டி, தீண்டுறது பாம்பு. கஸ்டமர் பயந்துடுவாங்க." கொல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், எங்கள் குழுத் தலைவன், வங்காளத்து இழுப்போடு தமிழ் பேசுகிறவன் எனக்குச் சொல் திருத்துகிறான். பொறுத்துக்கொண்டேன்.

இப்பணியில் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. எனவே எனக்கு நானே சிலவற்றை எழுதி வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், மணமாகும் முன் கிதர்பூர் துறைமுகக் குடியிருப்பில் பழைய நாளிதழ்களைப் பரப்பி வைத்து ஆங்கிலத்தைத் தானே கற்றவள், இன்று சால்ட் லேக்கில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அமர்ந்து ஆஸ்திரேலியாவின் ஒரு நகரத்துக்கு வழிகாட்டுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க அந்நாட்டுக்குச் செல்லும் முதியோருக்காக ஒரு பயண நிறுவனம் நடத்தும் தொலைபேசி உதவி இது. தமிழ் மேசை என்னுடையது. அதிலும் பெண்டிகோ என் தனிப்பொறுப்பு.

பயிற்சியில் விதித்த முதல் விதி: எங்கிருந்து பேசுகிறோம் என்று ஒருபோதும் கூறலாகாது. எதற்கும் 'இங்கே' என்றே சொல்ல வேண்டும். இங்கே பூங்கா இத்தனை மணிக்கு மூடப்படும். இங்கே இப்போது குளிர். 'அங்கே' என்று வாய் தவறினால் மதிப்பெண் குறையும். எனக்கு ஒருமுறையும் குறைந்ததில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பெண்டிகோவின் விடுதி ஒன்றைப் பற்றிய விளம்பரத்தை மொழிபெயர்த்தேன். ஆங்கில மூலத்தில் ஒரு பிழை கண்டேன். 'வடக்கு நோக்கிய அறை. குளிர்காலம் முழுதும் வெயில் நிறைந்தது' என்று இருந்தது. வடக்கு நோக்கிய அறையில் குளிர்கால வெயில் எவ்வாறு நுழையும்? எங்கள் லேக் மார்க்கெட் வீட்டைத் தெற்கு திறந்தது என்று சொல்லித்தானே வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார்! மார்கழியில் தெற்கு பால்கனியில் வெயில் முழங்கால் வரை வந்து படியும். வடக்கு அறையில் சுவர் ஈரம் காயாது.

'தெற்கு நோக்கிய அறை' என்று திருத்தி அனுப்பினேன். எவரும் வினவவில்லை. படித்தவர்கள் எழுதியதில் பிழை காண்பதில் உள்ள இன்பம் தனி. அதை நான் மறுப்பதற்கில்லை.

ஏப்ரல் 19, சனி

பெண்டிகோவில் ஈஸ்டர் விழா. சீனர்களின் நெடிய டிராகன் உருவத்தை வீதியில் சுமந்து செல்வர். அழைப்புகள் ஓயவில்லை. வீடு திரும்பியதும் என் கணவரிடம் அதை விவரித்தேன். அவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி, பேச்சில் மட்டும் வலி இல்லை.

"கல்யாணமாகி முப்பது வருஷம். இந்த ஊர்ல இருக்குற விக்டோரியா மெமோரியலுக்குள்ள ஒரு தடவ காலடி வச்சதில்ல. இவ பெண்டிகோவுக்கு வழி சொல்றா."

"அதன் வரலாறு முழுவதையும் நான் அறிவேன்," என்றேன்.

"அது சரி, புலவரம்மா. சாம்பார் தீயுது. இதுக்கு என்ன வரலாறு?"

தீய்ந்துதான் போயிற்று.

மே 8, வியாழன்

சேஷாத்ரி என்ற ஒருவர் இன்று அழைத்தார். திருச்சிக்காரர், மின்வாரியத்தில் கணக்கராக இருந்தவர், மனைவியை இழந்தவர். பெண்டிகோவில் மகள் சாதனாவின் வீட்டில் தங்க வந்திருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர்.

"என்ன பாக்கலாம்னு சொல்லுங்கோம்மா. டி.வி.யப் பாத்துப் பாத்து அதுல வரவாளெல்லாம் சொந்தக்காராளா ஆயிட்டா."

டிராமைப் பற்றிச் சொன்னேன். பழைய வண்டி, பார்வையாளர்களுக்கு ஊரின் கதையைப் பேசிக்கொண்டே செல்லும். எங்கள் தெருமுனையில் டிராம் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டதையும், அங்கே அதையே காட்சிப்பொருளாக்கிப் போற்றுவதையும் சொல்ல நா எழுந்தது. விதி நினைவுக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உங்க தமிழ் ரொம்ப நன்னா இருக்கும்மா," என்றார். "கேட்டு எத்தன நாளாச்சு."

இதை எழுதி வைக்கிறேன்.

மே 20, செவ்வாய்

சேஷாத்ரி ஐயா டிராம் ஏறினாராம். ஓட்டுநரிடம் திருச்சி மலைக்கோட்டையைப் பற்றிச் சொன்னாராம். அவருக்குப் புரிந்ததா என்றேன். "அவர் சொன்னது எனக்குப் புரியல்ல, நான் சொன்னது அவருக்குப் புரியல்ல. சரியாப் போச்சு."

ஜூன் 3, செவ்வாய்

சேஷாத்ரி ஐயா பெரிய ஸ்தூபிக்குச் சென்று வந்தார். பச்சைக் கல்லில் செதுக்கிய புத்தரைக் கண்டு பேச்சற்று அமர்ந்திருந்தாராம். நாளை பூங்காவில் உள்ள, பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தில் ஏறப் போகிறார். படிகள் மிகுதி; கைப்பிடியைப் பற்றி ஏறுமாறு அறிவுறுத்தினேன். நான் ஏறியதைப் போலவே விவரித்தேன். ஏறாதவள் என்று எவர் கூற முடியும்?

ஜூன் 26, வியாழன்

இன்று அவர் ஓர் ஐயத்தோடு அழைத்தார்.

"சாதனா ஆம் தெற்குப் பாத்ததும்மா. வாசப் பக்கம் வெயிலே எட்டிப் பாக்க மாட்டேங்கறது. ஐஸ் பொட்டி மாதிரி இருக்கு. கொல்லப் பக்கம் போனா கொட்றது. இங்க வடக்கேர்ந்து வெயில் வருமோ?"

"புதிய ஊரில் திசை மயங்குவது இயல்பு, ஐயா. தங்கள் மகளின் வாசல் வடக்கு நோக்கியதாக இருக்கும்."

"அவ தெற்குன்னுதானே சொன்னா."

"குளிர்காலத்தில் கதிரவன் தென்புறம் சாய்ந்தே செல்லும். இங்கே எங்கள் வீட்டிலும் தெற்கு பால்கனியில்தான் வெயில்."

அவர் கதவைத் திறந்து பார்க்கும் ஒலி கேட்டது. பிறகு, "அப்ப எனக்குத்தான் தல சுத்தறது. நீங்க இங்கயே இருக்கறவா. உங்களுக்குத் தெரியாததா," என்றார்.

எங்கள் பால்கனியைப் பற்றி நான் சொன்னது பொய்யன்று.

ஜூலை 18, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உணவுண்ண வருமாறு அழைக்கிறார். "தளிகை நானே பண்றேன். சாதனாவும் இருப்பா. நம்மூர்க்காரா ஒருத்தரக் கண்ணால பாத்தாப் போறும்."

வாடிக்கையாளர் இல்லங்களுக்குச் செல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்றேன். அதுவும் பொய்யன்று. எனினும் தொலைபேசியை வைத்த பிறகு சற்று நேரம் அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. கௌசிக் எட்டிப் பார்த்தான். "என்ன ஆன்ட்டி, பாய்ஃபிரெண்டா?" என்றான். முறைத்தேன். பறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெண்டிகோவுக்கு வடக்கே உள்ள குறுங்காட்டில் மஞ்சள் பூ மலரத் தொடங்கிவிட்டது. நம் வேலமரத்தின் இனம். காடு முழுதும் பொன் தூவியதுபோல் இருக்கும் என்று சேஷாத்ரி ஐயாவிடம் கூறினேன். சாலையோரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்தே காணலாம். உள்ளே சிறு பாதைகள் உண்டு.

"சாதனா ஞாயித்துக்கிழமதான் கூட்டிண்டு போவா. அதுக்குள்ள பூ கொட்டிடுமோ?"

"மழை பெய்தால் உதிரக்கூடும்," என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ஓர் இக்கட்டான அழைப்பைத் திறம்படக் கையாண்டேன்.

சேஷாத்ரி ஐயா டாக்ஸி பிடித்துத் தனியாகக் காட்டுக்குச் சென்றுவிட்டார். பூவைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்து வழி தவறிவிட்டார். கைப்பேசியில் மின்னூட்டம் தீரும் நிலை. சிரிக்க முயன்றார்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மரம்மா. ஒருத்தர் மூஞ்சி மாதிரியே எல்லார் மூஞ்சியும்."

முதலில் அவசர உதவி எண்ணை அழைக்குமாறு கூறினேன். "போலீஸா? வேண்டவே வேண்டாம். அப்பறம் சாதனா என்ன வாசல் தாண்ட விடமாட்டா." கௌசிக்கிடம் கையசைத்துக் கேட்டேன். வாடிக்கையாளர் மறுத்தால் நாம் அழைக்க இயலாது என்றான். வரைபடத்தைத் திறந்தேன். காட்டின் தென்னெல்லை நெடுக சாலை செல்கிறது. சுவரில் உள்ள மெல்போர்ன் கடிகாரம் நண்பகலைக் காட்டியது.

"ஐயா, சாலை தங்களுக்குத் தெற்கே உள்ளது. இந்நேரம் கதிரவன் தென்திசையில் இருக்கும். வெயிலை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நடங்கள். சாலை வந்துவிடும்."

"வெயில் மூஞ்சிலயா?" தயங்கினார். "உள்ள வரச்சேதானே மூஞ்சில அடிச்சுது. திரும்பிப் போறதுன்னா முதுகுல படணுமோ இல்லியோ?"

"பாதை வளைந்து வளைந்து சென்றிருக்கும், ஐயா. என்னை நம்புங்கள்."

"நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். நீங்க இங்கயே இருக்கறவா. உங்களுக்குத் தெரியாததா."

அத்தோடு இணைப்பு நின்றது. மீண்டும் அழைத்துப் பார்த்தேன், அணைந்திருந்தது. கௌசிக் 'தீர்ந்தது' என்று குறித்துக்கொண்டான். "சூப்பர் ஆன்ட்டி. காம்பஸே குடுத்துட்டீங்க."

மாலை. அவர் வீடு சேர்ந்திருப்பார். நாளை அழைப்பார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அவர் வீடு சேரவில்லை.

காலையில் முதல் அழைப்பு சாதனா. தந்தை கடைசியாகப் பேசியது எங்கள் எண்ணோடு என்று தொலைபேசி நிறுவனம் சொன்னதாம். இரவெல்லாம் போலீசும் தொண்டர்களும் தேடியிருக்கிறார்கள். இரவில் அங்கே உறைபனி.

இதை ஒழுங்காக எழுத வேண்டும். முடியவில்லை. எழுதுகிறேன்.

சாதனா கேட்டாள்: "ஆன்ட்டி, அப்பா எந்தப் பக்கம் போறதாச் சொன்னார்?"

கௌசிக் என் பக்கத்தில் நின்று, எதுவும் சொல்லாதே என்று கையால் காட்டினான். சட்டப் பிரிவு பேசும் என்று தாளில் எழுதிக் காட்டினான். ஆனாலும் சொன்னேன். "தெற்கே, சாலையை நோக்கி நடக்கச் சொன்னேன், அம்மா."

"தேங்க் காட். அப்ப சவுத்லதான் இருக்கணும். போலீஸ்கிட்ட சொல்லிடறேன். சாலைக்கும் அந்த இடத்துக்கும் நடுவுலயே தேடச் சொல்றேன்." மூக்கை உறிஞ்சினாள். "அப்பா டைரக்ஷன்ல தப்பே பண்ண மாட்டார் ஆன்ட்டி. நல்ல வெயில் வேற. வெயிலுக்கு முதுகக் காட்டிண்டு நடந்தா நேரா ரோடுதானே."

"வெயிலுக்கு... முதுகையா?"

"ஆமாம், மத்தியானம் சன் நார்த்லதானே இருக்கும் இங்க."

சுவரில் இருந்த மெல்போர்ன் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"நீங்க டவுன்ல எந்தப் பக்கம் இருக்கேள், ஆன்ட்டி? வாலன்டியர்ஸ் வேணும்னு கேக்கறா. வர முடியுமா? அப்பாவுக்கு உங்க குரல் தெரியும். கூப்ட்டா பதில் குடுப்பார்."

கௌசிக் இணைப்பைத் துண்டித்துவிட்டான். தொழில்நுட்பக் கோளாறு என்று பிறகு தகவல் அனுப்புவார்களாம்.

நான் வாய் திறந்திருக்கலாம். அவன் விரல் பொத்தானுக்குப் போகும் முன் நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை.

அதே நாள், மாலை

எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, நடுவே பூமத்திய ரேகையாக நூல் கட்டி, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தேன். நூலுக்கு மேலே நாம். கீழே அவர்கள். மேலே நிற்பவனுக்கு வெளிச்சம் கீழ்ப்பக்கம், தெற்கே. கீழே நிற்பவனுக்கு மேல்பக்கம், வடக்கே. ஒரு குழந்தைக்குப் புரியும். பருவங்கள் தலைகீழ் என்று அறிந்து பெருமைப்பட்டவள், வெயிலும் மாறும் என்று ஏன் எண்ணவில்லை? அந்த விளம்பரம் சொன்னது. அதைத் திருத்தினேன். அவரே சொன்னார். அவரையும் திருத்தினேன். காட்டுக்குள் நின்று மறுபடியும் சொன்னாரே. முதுகுல படணுமோ இல்லியோ. அவர் கண் சரியாகத்தான் பார்த்தது. நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

"என்ன வல்லி, யாருக்குத் திருஷ்டி கழிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் டார்ச்சை வாங்கி அணைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அந்த ஆளு வடக்கால போயிருக்காரு. இவங்க தெக்கால தேடுறாங்க."

"ஆம்."

"கூப்ட்டுச் சொல்லு."

"எண் அலுவலகக் கணினியில் உள்ளது. கைப்பேசிகளை உள்ளே கொண்டுசெல்ல விடுவதில்லை."

"அந்தப் பையனுக்குப் போன் போட்டுக் கேளு."

"நாளை காலைப் பணியில்..."

"ஏன்? இப்போ கேட்டா என்ன?"

வேலை போய்விடும் என்றேன்.  அவர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வேலை காரணமன்று. இதையாவது உண்மையாக எழுதுகிறேன். நான் அந்த ஊரில் இல்லை, அந்த ஊரில் சூரியன் எங்கே நிற்கும் என்றே எனக்குத் தெரியாது — இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருட்டிவிட்டது. பனி இறங்கும். கைப்பேசி என் மடியில் கிடக்கிறது. கௌசிக்கின் பெயரை எடுத்து வைத்திருக்கிறேன். அழுத்தவில்லை.

அழுத்து. அழுத்து, வல்லி.

ஆகஸ்ட் 9, சனி

விடியுமுன் மேசைக்குச் சென்றதும், எவரிடமும் கேளாமல் சாதனாவின் எண்ணை அழைத்தேன்.

"சாதனா, நான் சுந்தரவல்லி. நேற்று பேசினேனே. நான் பெண்டிகோவில் இல்லை, அம்மா. கொல்கத்தாவில் இருக்கிறேன். உன் தந்தையை வெயிலை நோக்கி நடக்கச் சொன்னேன். வெயில் தெற்கே என்று நினைத்தேன். அவர் வடக்கே போயிருப்பார். வடக்கே தேடச் சொல்."

"வாட்? கொல்கத்தாவா?" பிறகு: "நேத்திக்கே ஏன் சொல்லல்ல?"

"வடக்கே தேடச் சொல், அம்மா," என்றேன்.

"நேத்திக்கே ஏன் சொல்லல்லேன்னு கேக்கறேன்!"

அவள் தொலைபேசியை எறிந்தாள் போலும், பெருஞ்சத்தம். பிறகு யாரிடமோ ஆங்கிலத்தில் கத்தினாள், வடக்கு, வடக்கு என்று. கௌசிக் அருகில்தான் நின்றான். இம்முறை பொத்தானை நோக்கிக் கை நீட்டவில்லை. தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "மாஷிமா," என்றான். வங்காளத்தில் பெரியம்மாவை அழைக்கும் சொல்; ஒன்றரை ஆண்டில் முதன்முறையாக என்னை அப்படி அழைத்தான். "நேத்து நான்தான் கட் பண்ணினேன்."

"நீ துண்டிக்குமுன் எனக்கு நேரம் இருந்தது," என்றேன்.

என் சொந்த எண்ணைச் சாதனாவுக்கு அனுப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று பிற்பகல் கண்டெடுத்தார்கள். வடக்கே, வெகுதூரத்தில், ஒரு பழைய தங்கக் குழியின் மேட்டில், மரத்தில் சாய்ந்து அமர்ந்தபடி. சட்டைப்பையில் மஞ்சள் பூங்கொத்து ஒன்று.

உயிர் இல்லை.

சாதனாவின் கணவர் கௌசிக்கிடம் சொன்னாராம். முதல் இரவைத் தாண்டியிருக்கிறார் என்று மருத்துவர் கருதுகிறாராம். இரண்டாம் இரவின் பெரும்பகுதியையும்.

இரண்டாம் இரவு. நான் எலுமிச்சம்பழத்தோடு அமர்ந்திருந்த இரவு.

ஆகஸ்ட் 14, வியாழன்

அழைப்புத் தரக் குழுவிலிருந்து மின்னஞ்சல். ஏழாம் தேதி அழைப்பை மூவர் கேட்டு மதிப்பிட்டிருக்கின்றனர். தெளிவு: சிறப்பு. கனிவு: சிறப்பு. பாதுகாப்பு அறிவுரை: முறைப்படி வழங்கப்பட்டது. வெயிலைப் பற்றிய வாக்கியத்தில் மூவரில் ஒருவருக்கும் பிழை தென்படவில்லை. மூவரும் இதே ஊரில் இருப்பவர்கள்.

மேலாளர் அம்மையாரிடம் சென்று, பிழை எங்கே உள்ளது என்று நானே காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நெடுநேரம் யோசித்தார். "ஓ," என்றார். பிறகு சட்டப் பிரிவினர் வந்தனர். "இதை யாரிடமும் எழுத்தில் சொன்னீர்களா?" என்றனர். பணிப்பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டனர். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். கௌசிக் கீழே வாசல்வரை வந்தான்.  ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினான்.

செப்டம்பர் 3, புதன்

அந்த விடுதி விளம்பரம் தமிழில் இன்னும் 'தெற்கு நோக்கிய அறை' என்றே இருக்கிறது. திருத்துமாறு இருமுறை எழுதினேன். பதில் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

துர்கா பூஜையின் அஷ்டமி. தெருவெல்லாம் டாக் மேள முழக்கம். கீழ்வீட்டுப் பெண்கள் அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி செய்ய அழைத்தார்கள். உடல்நலமில்லை என்று கூறினேன். என் கணவர் சென்று பிரசாதம் வாங்கி வந்தார். நான் உண்ணும்வரை எதிரில் அமர்ந்திருந்தார். ஒரு கேலியும் இல்லை. கேலி செய்திருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

என் கணவர் வற்புறுத்தி என்னை விக்டோரியா மெமோரியலுக்கு அழைத்துச் சென்றார். முழங்கால் வலியோடு, கைத்தடியோடு. வெள்ளைப் பளிங்கு, குளம், புல்வெளி, கடலை விற்பவர்கள், கூட்டம். நான் அதன் வரலாறு எதையும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருந்து வெளிவருகையில் ஒரு முதிய தம்பதியர், மதுரைப் பக்கத்துப் பேச்சு, எங்கள் தமிழைக் கேட்டு ஓடி வந்தனர். "ஏம்மா, நாங்க வந்த பஸ் நிக்கிற கேட்டு எந்தப் பக்கம்? வடக்க இருக்குற கேட்டுன்னாக."

எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். வாய்வரை வந்தது.

"தெரியலீங்க. கேட்டுச் சொல்றேன், இங்கேயே நில்லுங்க," என்றேன்.

காவலாளியிடம் சென்று கேட்டேன். இருமுறை கேட்டேன். திரும்பி வந்து அவர்களைக் கையோடு கூட்டிச் சென்று பஸ்ஸைக் கண்ணால் பார்த்த பிறகே விட்டேன். திரும்பியபோது என் கணவர் படிக்கட்டில் அமர்ந்து கால்மூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்டி," என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. அயல்நாட்டு எண்.

"சாதனா பேசறேன்."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணுதான் கேக்கணும். ரெக்கார்டிங்க அவா தரமாட்டேங்கறா. அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

உன்னைப் பற்றித்தான் பேசினார், அம்மா என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டு அவள் அழுதிருப்பாள். எனக்கும் அது எளிதாக இருந்திருக்கும். ஆனால் நான் அவருக்குச் சொன்னவற்றில் போதுமான அளவு பொய் இருந்தது.

"வெயில் முதுகில் படவேண்டாமா என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். நான் என்னை நம்பச் சொன்னேன். 'நீங்க இங்கயே இருக்கறவா, உங்களுக்குத் தெரியாததா' என்றார். அதுதான் கடைசி."

 மறுமுனையில் எங்கோ ஒரு பறவை கத்தியது. நம் ஊர்ப் பறவை அன்று.

"அப்படித்தான் சொல்வார்," என்றாள். "டாக்டர்கிட்ட, எலக்ட்ரீஷியன்கிட்ட, எல்லார்கிட்டயும். அம்மா கோச்சுப்பா."  வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்:

"உங்க ஆத்துல இப்ப வெயில் எந்தப் பக்கம், ஆன்ட்டி?"

முப்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் வாழ்கிறேன். இருந்தும், "இரு, அம்மா," என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் பால்கனிக் கதவைத் திறந்து, வெளியே சென்று நின்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.